பத்திரத்தை அமுக்கின நாள்

ஃபைல்களைச் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டித் தருவது உட்கார்ந்தபடி செய்கிற வேலைதான், ஆனால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது அதில்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, ஒரே ஒரு ஆள் என்னைப் படுத்தின ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமுக்கிட்டேன்

பொம்மிடிப் பக்கத்து மாரியப்பன் அண்ணனுக்கும் பங்காளிக்கும் கிணற்றுப் பங்கில் வழக்கு. மறுநாள் வாய்தா. பத்திரங்களை ஸ்கேன் செய்து சாயங்காலத்துக்குள் அரூர் வக்கீலுக்கு அனுப்பாவிட்டால் கிணறு போய்விடும் என்று சொல்லி, பேப்பர்களைக் கொடுத்துவிட்டு மச்சானோடு டீ குடிக்கப் போனார். ஸ்கேன் செய்த அத்தனை பெரிய ஃபைல்களை மெயில் ஏற்கவில்லை. ஜிப் கட்டளை அடித்துச் சுருக்கினேன். "அண்ணே, பத்திரத்தையெல்லாம் அமுக்கிட்டேன், வாங்க" என்று போன் போட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். சுருக்குவதைத்தான் அப்படிச் சொன்னேன் என்று புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. மச்சான் மட்டும் சாவகாசமாகச் சொன்னார்: "அமுக்கினவன் போன் பண்ணிச் சொல்றத இப்பத்தான் மாமா பாக்கறேன்."

கறுப்புத் திரை

வக்கீலின் குமாஸ்தா பங்காளிக்குச் சொந்தமாம். அதனால் ஃபைலுக்குப் பூட்டு வேண்டும் என்றார் அண்ணன். மறுபடி கட்டளை அடித்தேன். கட்டளை எழுத்து மட்டும் தெரிகிற கறுப்புத் திரையைப் பார்த்தவர், "படமே வரல, ரிப்பேரு மிஷினுக்குப் பாதிக் காசுதான்" என்று ஆரம்பித்தார். சந்தையில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்து பேரம் படித்தவன் நான், விடுவேனா? கத்தியே முழுக்காசுக்குக் கொண்டுவந்தேன்.

என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை அவரே அடித்தார். இன்னொரு தடவை அடிக்கச் சொல்லித் திரை கேட்டது. "ஒருக்கா சொன்னா நம்பாதா? எம் பங்காளிய விட மோசமா இருக்குதே!"

அரூர் பஸ்

மெயில் போனது. வக்கீல் கூப்பிட்டு, திறக்கவில்லை, பாஸ்வேர்டு என்ன என்றார். குமாஸ்தா பக்கத்திலேயே இருப்பானாம், அண்ணன் போனில் சொல்லமாட்டாராம். "எங்கிட்டயாவது சொல்லித் தொலைங்க" என்று மேஜையைத் தட்டினேன். எழுந்து நேராகப் போய் அரூர் பஸ் ஏறிவிட்டார். அங்கே தன் கையால் அடித்துத் திறந்து கொடுத்திருக்கிறார். வக்கீல் படித்துவிட்டார், வாய்தாவுக்குப் பத்திரம் தயார்.

திரும்பி வந்து பேப்பர்களைக் கேட்டவரிடம், "பஸ்ஸுல போறவரு பத்திரத்தையே கையில கொண்டுபோயிருக்கலாமே, எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று எகிறினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பத்திரம் பையில இருந்தா பஸ்ஸுல நாலு பேரு பாப்பாங்க. பாஸ்வேர்டு மண்டைக்குள்ள இருக்குது, எவன் பாப்பான்?"

பஸ் வசதி நன்றாக இருக்கிற ஊரில் மெயில் அனுப்பிப் பிழைக்கிறவன் பாடு இவ்வளவுதான்.