பட்டிப் பொங்கலும் எங்கள் முயலும்

பட்டிப் பொங்கல் மாடுகளுக்கானது. மானிப்பாயில் எங்கள் வீட்டில் மாடு இல்லை. அதனால் மாமி என் முயலைப் பிடித்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலும் கதலிப் பழமும் படைத்தார்.

"மாமி, அதுக்குப் புல்லுத்தான் சாப்பாடு. இனிப்புக் குடுத்தால் குடல் தாங்காது."

"நல்ல நாளிலை குடுக்கிறது ஒண்டும் செய்யாது, பிள்ளை."

முயல் ஆசையாகத் தின்றது. என் கணவர் படமெடுத்துக் கனடாவிலுள்ள சொந்தங்களுக்கு அனுப்பினார். மாமியோடு நானும் அதன் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

மறுநாள் காலை அது புல்லைத் தொடவில்லை. கூட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"நேற்றையான் பொங்கலிலை வயிறு நிறைஞ்சு கிடக்குது," என்றார் மாமி. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பின்னேரம் தூக்கினேன். வயிறு மேளம்போல விம்மியிருந்தது. மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

"குடல் வேலை செய்யிறதை நிப்பாட்டிப்போட்டுது. காலமையே கொண்டு வந்திருக்கலாமே?" என்றார் அவர்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே செத்துப்போனது.

"பொங்கல் சாப்பிட்டிட்டுப் போயிருக்கு. புண்ணியம் செய்த சீவன்," என்றார் மாமி.

கனடாவிலிருந்து அந்தப் படத்துக்கு அன்றிரவும் பாராட்டு வந்துகொண்டிருந்தது. படத்தில் மாமியும் நானும் சிரிக்கிறோம். அந்தப் பொங்கல் முயலுக்குக் கூடாது என்று தெரிந்தவள் அதில் நான் ஒருத்திதான்.