கடல் மணலில் கட்டிய பால்கனி

இன்று காலை பஜாரில் மூடிக் கிடக்கும் பழைய தியேட்டருக்குப் போனேன். உரிமையாளர் அதைக் கல்யாண மண்டபமாக மாற்றுகிறார். கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று நான் சான்றிதழ் தர வேண்டும். முதல் விசேஷமே அவர் மகளின் நிச்சயதார்த்தம். கார்டு அடித்தாகிவிட்டது.

அவருடைய தாத்தா எழுப்பிய சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இத்தனை காலம் உப்புக்காற்றில் நின்றும் ஒரு விரிசல் இல்லை.

பால்கனி அவருடைய அப்பா காலத்தில் சேர்த்தது. ஆற்றுமணலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கடற்கரை மணலைப் போட்டுக் கான்கிரீட் கலந்திருக்கிறார்கள். கடல் மணலின் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் தின்றுவிடும் என்று இந்த ஊரில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அடியில் நின்று சுத்தியலால் தட்டினேன். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. கம்பி இருந்த இடத்தில் துருப்பொடி.

“அண்ணாச்சி, பால்கனிய இடிக்கணும்.”

“என்ன தம்பி இப்படிச் சொல்லுதிய? முதல் நாள் முதல் ஷோவுக்கு முன்னூறு பேரு குதிச்ச பால்கனி. அப்பவே விழல.”

“அப்ப உள்ள கம்பி இருந்துச்சு.”

“பூசி வெள்ளையடிச்சிருவோம். விசேஷம் முடியட்டும், பொறவு பாப்போம்.”

“கீழ பந்தி போடுவீங்களா?”

“அங்கனதான போடணும்.”

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். வேறு இன்ஜினியர் தேடுகிறாராம்.

கால் மணி நேரம் பால்கனி கெட்டி என்று வாதாடிய மனிதர், திரைப்பக்கம் நின்றேதான் பேசினார். ஒரு தடவைகூட அதனடியில் வரவில்லை.

உங்களில் யாருக்காவது அந்த நிச்சயதார்த்தக் கார்டு வந்திருக்கிறதா? எங்கே உட்காரப் போகிறீர்கள்?