ஒரே மாதிரி கசக்கிற மிஷின்

காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் மனைவிக்கு நாக்கில் ருசி இல்லை. ரசம், கருவாட்டுக் குழம்பு, காபி எல்லாமே வெந்நீர்தான். உப்பு, புளி தெரியாததால் சமையல் என் கைக்கு வந்தது. அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. தானாகத் திரும்பும், நாளாகும் என்றார் பெரம்பலூர் டாக்டர். அவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்துக் காபிக் கடையில் நுழைந்தோம். பால் இல்லாமல் சின்னக் கோப்பையில் ஏதோ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, கசக்குதுங்க."

மற்ற வீடுகளில் அது குறை. எங்களுக்கு அன்றைக்கு அது நல்ல சேதி. பெயர் கேட்டேன். எஸ்பிரஸோ என்றார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, பெரம்பலூரிலேயே சமையல் சாமான் விற்கும் கடைக்கு இரண்டு பேரும் போனோம்.

"வூட்டுக்கு எஸ்பிரஸோ மிஷின் வேணும்ணே."

கடைக்காரர் கல்யாண மண்டபத்து மிஷினைக் காட்டினார். உஸ்ஸென்று ஆவி விட்டுப் பாலை நுரைக்க வைக்குமே, அது. எங்கள் பக்கம் எக்ஸ்பிரஸ் காபி என்றால் அதுதான்.

"விசேஷத்துக்கு எத்தனை பேரு வராங்க?"

"ஒருத்திக்குத்தாண்ணே."

"யானைப் பசிக்குச் சோளப்பொரி கேள்விப்பட்டிருக்கேன். இது சோளப்பொரிக்கு யானையப் புடிச்சாந்த கதையால்ல இருக்கு."

"அது நுரைண்ணே. எனக்குக் கசப்பு வேணும்" என்றாள் இவள்.

"கசப்பு வேணும்னு கடை ஏறுன மொத ஆளு நீங்கதாம்மா."

உள்ளேயிருந்து இரண்டு சின்ன மிஷின்களை எடுத்து வந்தார். முதலாவது பளபளப்பு, எடை இல்லை. அதில் போட்ட முதல் காபி கசந்தது. அடுத்தது லேசாகக் கசக்கிறது என்றாள். அதற்கடுத்தது வெந்நீர் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மிஷின் மாறுகிறதா, நாக்கு திரும்பவும் போகிறதா? அது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது நல்ல கனம். உள்ளே பித்தளைக் கொதிகலன், முகப்பில் சூட்டைக் காட்டும் எண். தயாராக நேரம் எடுத்தது.

"சூடு கொறைஞ்சா காபி புளிக்கும், கூடுனா கருகும். இதுல சூடு அசையாது" என்றார்.

ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது: கசக்குது.

"இதையே எடுங்க. நாளைக்கு ருசி மாறுனா, மாறுனது நாந்தான்னு தெரியும்ல" என்றாள்.

வாஷர் கிடைக்குமா, திருகைக் கழற்றிப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். கிடைக்கும், முடியும் என்றவர், எந்த ஊர் என்று கேட்டார். செந்துறை என்றேன்.

"அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புத் தண்ணியாச்சே. போர்த் தண்ணி மட்டும் ஊத்திராதீங்க. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இதுல உப்பு ஏறுனா மிஷினே குப்பையில."

கேன் தண்ணீர்தான் ஊற்றினோம். தினமும் காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல, கசக்குது என்பாள். ஒருநாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க, சூடு கொறைஞ்சிருச்சா? புளிக்குது."

எண்ணைப் பார்த்தேன். வழக்கமான தொண்ணூற்று மூன்று. தூளும் தண்ணீரும் நேற்றையதுதான். சொன்னேன்.

இன்னொரு வாய் குடித்தாள். பிறகு எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து, நான் வைத்த ரசத்தைக் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தன நாளும் உப்பே போடாமத்தான் ஊத்துனீங்களா?"