டாமோ செத்த மறுநாள்

தெற்கு ஆஸ்திரேலியாவில், போர்ட் லிங்கனில் மத்தி மீன் பதப்படுத்தும் எங்கள் தொழிற்சாலையில், திங்கட்கிழமை காலை இடைவேளை என்றால் ஒரே பேச்சுதான். முந்தின நாள் தொலைக்காட்சியில் வந்த ‘உப்புத்துறை’ தொடர். ஒரு துறைமுக ஊர், அங்கே போதைத்தூள் விற்கும் கும்பல், அந்தக் கும்பலிடமே கை நீட்டும் போலீஸ். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார்கள், ஆனால் அது நம்ம ஊர்தான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னோம்.

கிளெனிஸ் பாஸ்கோ தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். யாராவது காற்று திசை மாறிவிட்டது என்று ஆரம்பிப்பார்கள். காரணம், அவள் மகன் கைல். பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்த இரண்டு பேருக்குக் கார் ஓட்டப் போய், அடிலெய்டு பக்கம் சிறையில் இருக்கிறான். அந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் அவள் மனசு புண்படும் என்று நினைத்தோம்.

உண்மையில் அவளைப் போல அதைப் பார்த்தவர்கள் ஊரிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாளாம். “அந்தப் பையத் தொடாதடா, மேல கேமரா இருக்கு” என்று கத்துவாளாம். லஞ்சம் வாங்கும் சார்ஜென்ட் வந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவாளாம். புருஷன் குயின்ஸ்லாந்தில் வேறு குடும்பத்தோடு இருந்தான். கேட்க ஆள் கிடையாது.

அவளுக்குப் பிடித்தவன் டாமோ. கும்பலின் வண்டியோட்டி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான். கிழிந்த செருப்பை டேப் சுற்றி ஒட்டுவான். இவனை மாதிரி ஒருவனைப் பற்றி யாரோ உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம். கோர்ட்டில் கைலைப் பற்றிப் பேசியது, செய்தி முடிவில் வானிலை சொல்கிற நேரம்கூட இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் சிறையிலிருந்து கைல் போன் செய்வான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதோடு பேச்சு வற்றிப்போகும். ஒருநாள் வேறு ஒன்றும் தோன்றாமல் அவள் தொடரை எடுத்தாள்.

“டாமோ அந்த நீல வேனைக் கொண்டுபோய்க் கடை வாசல்லயே நிறுத்திட்டான்டா. எனக்கு மனசே சரியில்ல.”

“நானும் பாத்தேன். இங்க ஹால்ல போடுவாங்க. அதெல்லாம் சும்மா கதைம்மா. பட்டப்பகல்ல எவனாவது வண்டிய அப்படி வாசல்லயே நிறுத்துவானா?”

“நீ நிறுத்தினியே.”

தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அவள் பயந்தாள். பிறகு அவன் சிரித்தான். “அதான் இங்க உக்காந்திருக்கேன்.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர்கள் தொடரைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

தொடர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது டாமோவைக் கொன்றார்கள். படகைக் கழுவச் சொல்லிவிட்டு, சின்ன வயதிலிருந்து கூட இருந்த ரிக்கோவே பின்னாலிருந்து சுட்டான். ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள் மட்டும் படகு விளிம்பில் தெரிந்தன. கிளெனிஸ் சத்தத்தை அணைத்தாள். விளம்பரங்கள் ஊமையாக ஓடின. போனை எடுத்தவள் திரும்ப வைத்தாள். சிறைக்கு அவளால் போன் செய்ய முடியாது. அவன்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் இடைவேளை அறைக்குள் அவள் வந்ததும் வழக்கம்போல அமைதி. மீன் பெட்டி அடுக்கும் ஸ்டென்கா, “தெக்குக் காத்து ஆரம்பிச்சிருச்சு” என்றாள்.

“டாமோவச் சுட்டுட்டாங்க” என்றாள் கிளெனிஸ்.

எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தோம்.

“யாருமே பாக்கலையா?”

“பாத்தோம்” என்றாள் ஸ்டென்கா. “உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…”

“கஷ்டமாத்தான் இருக்கு. இத்தன நாளும் அந்தக் கஷ்டத்தச் சுவத்துகிட்டதானே பேசிட்டிருந்தேன்.”

ஸ்டென்கா கோப்பையைக் கீழே வைத்தாள். “அவன் ரிக்கோவ நம்பியிருக்கவே கூடாது.”

“நம்பாம? கூடவே வளந்தவன்டி.”

“கூட வளந்தவன்தான் மொதல்ல கழுத்தறுப்பான். எந்தம்பியப் பாரு.”

மணி அடிக்கும் வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

சனிக்கிழமை கைல் கூப்பிட்டான்.

“பாத்தியாடா?”

“பாத்தேன். பூட்ஸ் காலு தூக்கிட்டு நின்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“நீ ஏன்டா சிரிச்ச?”

“சிரிக்கலைன்னா நம்ம மூஞ்சியப் பாப்பாங்கம்மா.”

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள். பல மாதமாக அவள் அதைக் கேட்டதே இல்லை.

“ஆட்டுக்கறி ஸ்டூன்னு பேரு. வெறும் உருளைக்கிழங்கு.” நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

அடுத்த ஞாயிறு தொடர் பார்க்க ஸ்டென்கா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். ஆலிவ் காயும் ரொட்டியும் வைத்து உபசரித்தார்கள். குடும்பமே கைகட்டிக்கொண்டு பார்த்தது. கிளெனிஸ் ஒரு வார்த்தை பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “நல்ல மனுஷங்கதான், ஆனா அங்க கத்த முடியல” என்று என்னிடம் சொன்னாள். கடைசி வாரத்தை அவள் தன் வீட்டில் தனியாகவே பார்த்தாள். சார்ஜென்ட்டுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தொடரை முடித்தார்கள். திங்கட்கிழமை அவனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டினோம். அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

அதன்பின் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டங்கள் தொடங்கின. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அவளுக்கு அதில் ஆர்வம் கிடையாது. ஜன்னலோரம் நின்று தேநீர் குடிக்கிறாள். யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை கைல், அவள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டானாம். அப்படியே இருக்கு என்றாளாம். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லையாம்.