திறந்தே கிடந்த திரைகள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்று நல்லம்பள்ளிப் பக்கத்தில் சொந்தமாகப் பால் குளிரூட்டும் நிலையம் நடத்துகிறேன். தனியாளாக இப்படி ஒன்றைக் கட்டியவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார்? ஊருக்கு ஊர் பால் ஊற்றும் இடம் வைத்து, கம்ப்யூட்டரும் கொடுத்தேன். பாலின் தரம் என் ஆபீஸ் சர்வரில் பதிவானால்தான் கேன் வண்டி ஏறும்.

போன கோடையில் ஒரு காலை, சில ஊர்களிலிருந்து போன் வந்தது. "கம்ப்யூட்டரு உள்ளயே வுட மாட்டேங்குதுங்க." வெயிலில் கேன்கள் நின்றன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பால் திரிந்துவிடும்.

சர்வரைப் பார்த்துக்கொள்வது எஞ்சினியரிங் படித்த என் மருமகள்.

"மாமா, தெறந்து கெடக்கிற ஒவ்வொரு ஸ்கிரீனும் சர்வர்ல ஒரு எடத்தப் புடிச்சிக்குது. இன்னிக்கு ஊருங்க கூடிப்போச்சு, எடம் ரொம்பிடுச்சு. வேல முடிஞ்சவங்கள மூடச் சொல்லுங்க."

மூடக் கூடாது என்பது என் சட்டம். கடைசி ஊர்க் கேன் வண்டி ஏறும்வரை எங்கள் ஆட்கள் யாரும் பால் அளக்கும் படியைக்கூட எடுத்துவைக்க மாட்டார்கள்; முந்தி மூடினால் மாட்டுக்கு மடி வற்றும் என்பது நம்பிக்கை. கம்ப்யூட்டருக்கும் அதையே சொல்லியிருந்தேன்.

"மூடுற பேச்சே வேணாம். எடத்தக் கூட்டிவுடு."

"கூட்டலாம். மெமரி தாங்காதுங்க மாமா. பத்துப் பேருக்கு வடிச்ச சோத்துக்கு ஊரையே பந்தியில உக்கார வெச்ச மாதிரி ஆயிடும்."

"பந்தி நடத்த எனக்கே சொல்லித் தர்றியா? செய்மா."

செய்தாள். எல்லா ஊரும் உள்ளே வந்தது. பார்த்தாயா என்று மீசையைத் தடவினேன். அதற்குள் சர்வரே உறைந்துபோனது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஊர்களும் நின்றன.

மருமகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "இப்பவாச்சும் மூடச் சொல்றீங்களா?"

அவள் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். நான் ஊர் ஊராகப் போன் போட்டேன். "வேல முடிஞ்சா மூடிடுங்கப்பா."

"மூடறதா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றான் ஒருவன்.

அதன்பின் பதிவு ஓடியது. ஆனால் கடைக்கோடி ஊர்ப் பால் திரிந்துவிட்டது. அங்கே இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் ஒரு பெண்பிள்ளை, கேனோடு பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"உங்க மிசினு கதவு தெறக்கற வரைக்கும் பாலு பொறுத்துக்குமாங்கண்ணா?"

"நாளைக்குப் பாரு, ஜோரா ஓடும்."

"நேத்தும் ஜோராத்தாங்க ஓடுச்சு."

திரிந்த பாலை என் வாசலில் கொட்டாமல், கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். கொட்டியிருந்தாலாவது நானும் சத்தம் போட்டிருப்பேன்.

மறுநாள் அந்த ஊர்ப் பக்கம் காரில் போனேன். வேறொரு பால்காரனின் வண்டிக்காக அவள் ரோட்டில் நின்றிருந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர், கையில் கேனோடு.