சித்திரை வண்டிகளும் ஒரு கரி லாரியும்

ரயில்வே கேட்டுக்காரன் வேலை என்பது, அவசரத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, அவர்களிடமே திட்டு வாங்குகிற வேலை. வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்று என்னைத் திட்டியவர்கள் இதைப் படிக்கவும் கூடும். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அது யுத்த காலம். திருத்தணிக்குச் சற்று முன்னால், ஆர்.கே.பேட்டை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற சாலையில் என் கேட். சித்திரையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு, மலைக்கோயிலில் உற்சவமும் தொடங்கிவிட்டால் போதும். குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டிகள் வரிசைகட்டி வரும். அதே சாலையில்தான் லாரிகளும் வரவேண்டும். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால், முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்து, அதன் புகையில் ஓடுகிற லாரிகள் அவை.

செவலைக்கு வந்த தைரியம்

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி முனிரத்தினம் வருஷா வருஷம் பதினோரு வண்டிகளோடு வருவார். உறவுக்காரர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அவருடைய முன்வண்டியில் செவலை என்று ஒரு காளை. லாரி ஹாரன் கேட்டால் போதும், வண்டியோடு வயலில் இறங்கிவிடும். அந்த வருஷம் சித்தூரிலிருந்து வெல்லம் ஏற்றிவரும் தங்கவேலு என்ற டிரைவர் பின்னாலிருந்து ஹாரனை அமுக்க, செவலை மிரண்டு ஓடி என் கேட்டில் முட்டி நின்றது. வண்டிக்குள்ளிருந்த முனிரத்தினத்தின் மனைவி நாகம்மாவுக்கு முழங்கை சிராய்த்துவிட்டது. நாகம்மாவே சும்மா இருந்தாலும், அவர் தம்பிமார்கள் லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

முனிரத்தினம் மட்டும் சத்தம் போடவில்லை. கேட் திறக்க இன்னும் நேரமிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றதும் செவலையை நுகத்திலிருந்து அவிழ்த்து லாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தங்கவேலு கையில் புண்ணாக்கைக் கொடுத்து, "நீயே குடு தம்பி, மோந்து பாக்கட்டும்" என்றார். தங்கவேலு பயந்துகொண்டே நீட்டினான். செவலை புண்ணாக்கைத் தின்றது, மட்கார்டை நக்கியது. கடைசியில் ஹாரனை மெதுவாக அடித்துக் காட்டினார்கள். காதை ஆட்டியதோடு சரி.

மறு வருஷம் ஒரு நாள் முனிரத்தினம் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்: "பயம் போச்சுங்க. இப்போ எந்த லாரி ஹாரன் அடிச்சாலும் புண்ணாக்கு தருவாங்கன்னு நின்னுக்கினு கீது, நகர மாட்டேங்குது!"

பாதி வெந்த பொங்கல்

பட்டாள ரயில்களுக்கு நேரம் காலம் கிடையாது. வரும் என்பார்கள், கேட்டைச் சாத்துவேன், வராது. ஒரு பகல், முனிரத்தினத்தின் வண்டிகளும் தங்கவேலுவின் லாரியும் வரிசையில் நிற்க, ஒன்றரை மணி நேரம் சாத்தியே கிடந்தது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நாகம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டினார். அரிசி இருந்தது, விறகில்லை. அவர் நேராகத் தங்கவேலுவிடம் போய், "இன்னாப்பா, உன் லாரிக்குத் தின்னக் கரி குடுக்கிறியே, எங்க புள்ளைங்களுக்கு ரெண்டு முறம் குடுத்தா கொறைஞ்சு பூடுமா?" என்று கேட்டார். தங்கவேலு கரியும் கொடுத்தான், தன் வீட்டுக்கென்று வைத்திருந்த வெல்லத்திலும் பாதியைக் கொடுத்தான். தண்ணீர் என் வீட்டுப் பானையிலிருந்து போயிற்று. பொங்கல் கொதிக்கிற வாசனையில் திட்டுகிற சத்தம் அடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்து போய்விட்டது. நான் உற்சாகமாகக் கேட்டைத் திறந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கரண்டியும் கையுமாக நாகம்மா சொன்னது இது: "ஐயா, இன்னொரு ரயில் இருந்தா வரச்சொல்லுங்க, அரிசி இன்னும் பாதி வேகலை!"

தண்டவாளத்தில் நின்ற லாரி

அடுத்த வருஷம் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. பாசஞ்சர் போனதும் கேட்டைத் திறந்தேன். முனிரத்தினத்தின் எட்டு வண்டிகள் தாண்டியிருந்தபோது என் குடிசையில் மணி அடித்தது. ஒரு பட்டாள ஸ்பெஷல் ரயில் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். உடனே சாத்தியிருக்க வேண்டும். மூன்று வண்டிதானே, குடும்பத்தைப் பிரிப்பானேன் என்று விட்டுவிட்டேன். கடைசி வண்டியின் வாலைப் பிடித்தாற்போல் தங்கவேலுவும் லாரியை விட்டுவிட்டான். மேட்டில் ஏறிய ஒரு வண்டி மாடு முட்டி மடங்கி உட்கார, பின்னால் எல்லாம் நின்றது. லாரி நின்ற இடம் தண்டவாளம். என்ஜினும் அணைந்துவிட்டது. கரி லாரியை மறுபடி கிளப்பக் கால்மணி நேரமாவது அடுப்பை ஊத வேண்டும்.

நான் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. என் மனைவியும் மூன்று பெண்களும் இருக்கிற கேட் வீடு மட்டும் கண் முன்னால் வந்து வந்து போயிற்று. வளைவில் புகை தெரிந்ததும் கொடியை வீசினேன். வீசிக்கொண்டே இருந்தேன். என்ஜின் என்னைத் தாண்டித்தான் நின்றது, ஆனால் நின்றது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், லாரியின் பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. நான்கு ஜோடி மாடுகளை வண்டிக் கயிற்றால் பூட்டியிருந்தார்கள். லாரிக்கு அருகில் எந்த மாடும் வரவில்லையாம். செவலை போய் நின்ற பிறகுதான் மற்றவை நின்றனவாம். பின்னால் பெண்கள் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு அணைந்துபோனதால் ஊர் எல்லை வரையிலும் மாடுகள்தான் இழுத்துப் போயின. முனிரத்தினம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இத்தினி வருஷமா ஹாரன் அடிச்சு எங்களை ஒதுங்கச் சொன்னியே தம்பி, இப்போ நாங்க முன்னால போறோம், நீ சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கினு வா!"

விசாரணை

பட்டாள ரயிலை நிறுத்தினால் விடுவார்களா? பத்தாம் நாள் ஸ்டேஷனில் விசாரணை. முனிரத்தினத்தையும் தங்கவேலுவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டிகள்மேல் பழி போட்டால் லாரி தப்பும். லாரிமேல் போட்டால் வண்டிகள் தப்பும். இரண்டில் எது நடந்தாலும் என் வேலை தப்பாது என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவியிடம் தைரியமாகத்தான் பேசினேன். அவளும் நம்பியதுபோல் இருந்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனிதர். முதலில் தங்கவேலு, "கேட்டுக்காரர் கையைக் காட்டறதுக்குள்ள நான்தான் உள்ள விட்டுட்டேன் சார், தப்பு என்னுது" என்றான். முனிரத்தினம் குறுக்கிட்டு, "அது இன்னா பேச்சு? நோஞ்சான் மாட்டைப் பூட்டிக்கினு வந்தது நானு. அது உக்காந்ததாலதானே லாரி நின்னுச்சு" என்றார். "நீங்க சும்மா இருங்க நைனா" என்றான் அவன். இவர் மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மணி அடித்த பிறகும் மூன்று வண்டிகளை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நெஞ்சு மட்டும் லேசாகிவிட்டது.

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார். உற்சவ நாட்களில் கேட்டுக்குக் கூடுதலாக ஒரு ஆள் போடவேண்டுமென்று எழுதியும் வைத்தார். மறு வருஷம் ஆள் வந்தான். எழுந்து போகும்போது ஸ்டேஷன் மாஸ்டரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "இத்தனை வருஷ விசாரணையில குற்றவாளி கிடைக்காம திண்டாடியிருக்கேன், மூணு பேர் கிடைச்சுத் திண்டாடுறது இதான் சார் முதல் தடவை!"

ஒரே சாலையில் எப்படிச் சேர்ந்து போவது என்பதை ஜனங்கள் அந்தச் சாலை அடைபட்டிருந்த நேரத்தில்தான் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொன்னால், ஒரு கேட்டுக்காரன் வேறென்ன சொல்வான் என்றுதான் நீங்கள் கேட்பீர்கள்.