விவாகரத்துக்குக் கல்யாணப் போட்டோ கேட்டார்கள்

இரண்டு வருடத்துக்கு முந்தி, ஆவணி பிறந்த சமயம், புதுக்கோட்டை கோர்ட்டில் ஆரம்பித்தது இது. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தைலமரம் வெட்டும் கூலியாக இருந்து, இன்றைக்கு என் பேரில் லாரிகள் ஓடுகின்றன. வரப்புத் தகராறோ, குடும்பத் தகராறோ, எங்கள் வட்டாரத்தில் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

என் இளைய மகளைக் கொடும்பாளூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு வருடம்கூட ஒத்து வரவில்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் கோயில் முன்னால் கூட்டினேன். தாலியைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் என் லாரியிலேயே ஏற்றி வந்தேன். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். அத்து விடுவது என்று எங்கள் பக்கம் இதற்குப் பேர். நானே முன்னால் நின்று பல ஜோடிகளை அப்படி அத்து விட்டிருக்கிறேன். அன்றைக்கு இருந்த கோபத்தில், வீட்டுக்கு வந்ததும் கல்யாண ஆல்பத்தை வெந்நீர் அடுப்பில் செருகினேன்.

நாலு வருடம் கழித்து மகளுக்குக் குடுமியான்மலையில் நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளை குவைத்தில் வேலை பார்ப்பவர். பரிசம் போட்டு நாளும் குறித்த பிறகு, அவர் போனில் கூப்பிட்டார்.

"மாமா, டைவர்ஸ் ஆர்டர் காப்பி ஒண்ணு அனுப்பிவிடுங்க. விசாவுக்கு வேணும்."

முத்திரைத்தாளை அனுப்பினேன். இது இல்லை, கோர்ட்டில் கொடுப்பது என்றார். அதற்கென்ன, வாங்கினால் போச்சு என்று புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். நகல் கொடுக்கும் இடத்தில் இருந்த அம்மா கேஸ் நம்பர் கேட்டார்.

"நம்பரெல்லாம் எதுக்கும்மா? ஊருக்கே தெரிஞ்ச விசயம். பொண்ணு பேரச் சொல்றேன், தேடுங்க."

"எந்த வருசம் கேஸ் போட்டீங்க?"

"கேஸே போடலையே. பேசியே முடிச்சிட்டோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேஸ் போடாம காப்பி எங்கேருந்துங்கய்யா வரும்? வெளிய போயி ஒரு வக்கீலப் பாருங்க."

நான் பார்த்த வக்கீலும் ஒரு பெண்தான். முத்திரைத்தாளைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"ஐயா, சட்டப்படி ஒங்க பொண்ணு இன்னமும் அந்தப் பையனுக்குப் பொண்டாட்டிதான்."

"ஊரு முன்னால தாலியத் திருப்பிக் குடுத்திருக்கோம்மா."

"நாடே நின்னாலும் அதேதான். ஊர் வழக்கம்னு கோர்ட்ல நிரூபிக்கப் பாக்கலாம், வருசக்கணக்கா இழுக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதிச்சு மனுப் போட்டா சீக்கிரம் முடியும். அந்தப் பையனக் கூட்டிட்டு வாங்க. கல்யாணப் பத்திரிகை, போட்டோ ரெண்டும் கொண்டாங்க."

"முடிச்சு விடத்தானேம்மா வந்திருக்கேன், கல்யாணப் போட்டோ எதுக்கு?"

"நடந்ததுக்கு ஆதாரமே இல்லாத கல்யாணத்த எப்படிய்யா முடிக்கிறது?"

ஆல்பத்தை வெந்நீர் அடுப்பில் செருகியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் எழுந்திருக்கும்போது ஒரு பிடி கிடைத்தது. பழைய மருமகனும் அதே முத்திரைத்தாளை நம்பி வேறு கல்யாணம் செய்திருந்தான். அதுவும் செல்லாதாம், கேஸ் போட்டால் ஜெயிலுக்கே போகலாமாம். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்தேன். கோர்ட்டுக்கு வருகிறாயா, உள்ளே போகிறாயா என்று எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் வயலுக்குப் போயிருந்தான். இடுப்பில் கைக்குழந்தையோடு அவன் இரண்டாவது மனைவி வெளியே வந்தாள். "வாங்கய்யா, உக்காருங்க. ஒங்களத் தெரியும், போட்டோல பாத்திருக்கேன்" என்றாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்த காரியத்தைக் கேட்டாள். எனக்கு மென்று முழுங்கத் தெரியாது. வக்கீல் சொன்னது, கல்யாணம் செல்லாது என்பது, ஜெயில் வரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதை விலக்கவில்லை.

"அப்ப நான் யாருங்கய்யா?" என்றாள்.

என் மகள் கல்யாணம் தள்ளிப் போகும் என்றுதான் நான் வந்தேன். இவளுக்குக் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் உள்ளே போய், பரணிலிருந்து சேலைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தாள். கண்ணாடி போட்ட கல்யாணப் போட்டோ. என் மகளும் அவனும் மாலையோடு நிற்க, பக்கத்தில் தோளில் துண்டோடு நெஞ்சை நிமிர்த்தி நான். பின்பக்கம் கல்யாணப் பத்திரிகை.

"எரிச்சிரச் சொன்னாக. பின்னால சாமி சன்னதி தெரியுது, மனசு வரல. கொண்டு போங்க."

அந்த நேரம் அவன் வந்தான். முன்பெல்லாம் மாமா, மாமா என்பான். இப்போது, "என்ன விசயம்?" என்றான்.

அவளே முந்திக்கொண்டாள். "அத்து விட்டது செல்லாதாம். கோர்ட்டுக்குப் போகணுமாம். நீங்க போறீக. நானும் வாரேன்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஊரக் கூட்டித் தீர்ப்புச் சொன்ன பெரிய மனுசருக்கு இப்ப என் கையெழுத்து வேணுமாக்கும்?"

"வேணும்" என்றேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

"அவரு கூப்பிட்டா நான் போகணுமா?" என்று அவளிடம் திரும்பினான்.

"அவருக்காக யாரு போகச் சொன்னா? எனக்காகப் போங்க."

போனான். வாய்தா தவறாமல் வந்தான். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பல வருடம் பிரிந்தே இருந்ததால் மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை ஜட்ஜ் குறைத்து, விவாகரத்தைக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரும் பொறுத்தார்கள். தை மாதம் மகள் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. வந்திருந்த கூட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மாசியில் அவளிடமிருந்து போன். "ஐயா, நாங்க கோயில்ல மறுபடி தாலி கட்டிக்கிட்டு ரிஜிஸ்தர் பண்ணப் போறோம். சாட்சிக்கு ஒராளு கொறையுது. வாரீகளா?"

"பழைய மருமகன் கல்யாணத்துக்கு மாமனார் சாட்சியா? ஊரு சிரிக்கும்" என்றான் என் பங்காளி. சிரிக்கட்டும் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முன்பு நான் அத்து விட்ட ஜோடிகளையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். இப்போது யாராவது அப்படி வந்தால், என் காரிலேயே ஏற்றி அந்த வக்கீலிடம் கொண்டுபோய் விடுகிறேன்.

எத்தனையோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்தவன் நான். ஆனால் அன்றைக்கு ரிஜிஸ்தர் ஆபீசில், நான் பெறாத ஒரு பெண் அவள் வீட்டில் யாருக்கும் அஞ்சாமல் இருக்க வேண்டும் என்று போட்டேனே, அந்தக் கையெழுத்தை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.